காலிக் கட்டம் இல்லாத தாள்

செகெத் நகரத்திலிருந்து வந்த ரயிலைவிட்டுக் கடைசி ஆளும் இறங்கிவிட்டார். பேராசிரியர் வெண்டெல் இறங்கவில்லை.

பர்னபாஷ், நியுகதி ரயில் நிலையத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தே முக்கால். இரண்டு மணிக்கு அவருடைய ஆராய்ச்சிப் பட்டத்துக்கான பொது விசாரணை; கேள்விகளுக்கு நேரில் பதில் சொல்லித் தேற வேண்டும். மூன்று மதிப்பீட்டாளர்களில் இருவராவது நேரில் இருக்க வேண்டும். ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். ஒருவர் ஏற்கெனவே வந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். வெண்டெல் வராவிட்டால் விசாரணை கிடையாது. அடுத்த தேதிக்கு ஒரு வருடம் ஆகும்.

போன் செய்து கேட்டிருக்கலாம். அந்த வழியை வெண்டெலே அடைத்திருந்தார்.

பர்னபாஷின் ஆய்வு, இருவர் மாறி மாறிக் கேட்டுச் சொன்னால் எவ்வளவு குறைவாகப் பேசிக் காரியத்தை முடிக்கலாம் என்பதைப் பற்றியது. கேட்பவருக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டாம். நுணுக்கங்களை உதிர்த்துவிடலாம். தோராயம் போதும். இதை நூற்று எண்பது பக்கங்களில் நிரூபித்திருந்தார். வெண்டெல் தன் மதிப்பீட்டில் எல்லாவற்றையும் பாராட்டிவிட்டு, கடைசியில் ஒரு கேள்வி எழுதியிருந்தார்: 'தாளில் சரி. உயிருள்ள இரண்டு மனிதர்களுக்கிடையே இது நடக்குமா? விசாரணை நாளன்று காட்டவும்.'

பர்னபாஷ் ஒரு தாள் தயாரித்தார். ஆறு வரிசை, ஆறு கேள்வி. ஒவ்வொரு வரிசையிலும் பத்துக் கட்டங்கள், பத்துப் பதில்கள். இவர் போனில் வரிசையின் எண்ணை அனுப்புவார். அவர் கட்டத்தின் எண்ணை அனுப்புவார். அன்றைய பயண ஏற்பாடு முழுவதும் இப்படியே முடிந்துவிடும். தாளின் பிரதியைச் செகெத்துக்குத் தபாலில் அனுப்பினார். 'கிடைத்தது. சரி' என்று பதில் வந்தது.

அன்று உறையை ஒட்டும்போது, ஆய்வுக்கழகத்தின் வாசலில் இருக்கும் இலுஷ் அம்மாள் தாளை எட்டிப் பார்த்தாள்.

"தப்பான பொத்தானை அழுத்திட்டா?"

"தப்பான பொத்தானே கிடையாது இலுஷ் அம்மா. ஒரு கட்டம்கூடக் காலியா இல்ல. எதை அழுத்தினாலும் அர்த்தம் வரும்."

"எங்க வீட்டுக்காரருக்கு நேர் எதிர்."

"காலிக் கட்டம் இருந்தா இடம் வீணாகுதுன்னு அர்த்தம். நல்லாச் சுருக்கின செய்தி, வெளியாள் கண்ணுக்குத் தாயம் உருட்டின மாதிரி இருக்கணும். அதுதான் தரம்."

"தாயம் உருட்டித்தான் எங்க அப்பா வீட்டை வித்தாரு" என்றாள் இலுஷ் அம்மாள்.

இப்போது பர்னபாஷ் நடைமேடையில் நின்றபடி 1 என்று அனுப்பினார். 'எங்கே இருக்கிறீர்கள்?'

இரண்டு நிமிடம் கழித்துப் பதில் வந்தது: 7.

தாளைப் பார்த்தார். 'முன்னதாகவே இறங்கிவிட்டேன். கெபான்யாவில் நிற்கிறேன்.' மொத்தம் இரண்டே இலக்கம். அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மெட்ரோ பிடித்து, ஒரு ஸ்டேஷன் முன்னால் இருக்கும் கெபான்யாவுக்குப் போனார். அங்கே வெண்டெல் இல்லை.

2 என்று அனுப்பினார். 'எப்படி வருகிறீர்கள்?'

4. 'தனியாக வரவில்லை. கூட வருபவர் அழைத்து வருவார்.'

"பிரமாதம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி மெட்ரோ ஏறினார். ஒரு மணி நேரம் போயிருந்தது. ஆனால் ஒரு வார்த்தைகூடச் செலவாகவில்லை.

ஆய்வுக்கழக வாசலில் நின்று 3 என்று அனுப்பினார். 'உடல்நிலை?'

6. 'கால் வலி. படி ஏற முடியாது.'

விசாரணை மூன்றாவது மாடி அரங்கில். லிப்ட் போன வாரமே நின்றுவிட்டது.

"இலுஷ் அம்மா! எல்லாத்தையும் கீழ சாப்பாட்டுக் கூடத்துக்கு மாத்தணும்."

"எல்லாத்தையும்னா?"

"நாற்காலி, திரை, புரொஜெக்டர், பூச்சாடி."

"வாசல்ல யார் இருக்கிறது?"

"யார் வரப் போறாங்க? கொஞ்ச நேரம்தான்."

இலுஷ் அம்மாள் வாசலை விட்டு நாற்காலிகளோடு போனாள். மூன்றாவது மாடிக் கதவில், இடம் மாறிய விவரத்தை பர்னபாஷே எழுதி ஒட்டினார். தரைத்தளத்துக்கு ஒரே ஓர் இலக்கம் போதும். '0' என்று எழுதினார்.

அவர் கீழே வந்தபோது விசாரணைக் குழுத் தலைவர் ஹய்னல்கா கூடத்தின் நடுவே நின்றிருந்தார். கணிதத்தில் பெரிய பெயர். பொறுமைக்குப் பெயர் கிடையாது.

"பர்னபாஷ், எதுக்கு முட்டைக்கோஸ் வாசனையில உக்காரணும்?"

"வெண்டெல் சாருக்குக் கால் வலி மேடம்."

"அவர் போன மாசம் மலையேறிட்டு வந்தாரே. பேசினியா அவர்கிட்ட?"

"காலையிலேர்ந்து பேசிக்கிட்டேதான் இருக்கேன். கெபான்யாவுல இறங்கினாராம்."

"சரி. ரெண்டு மணி. ஒரு நிமிஷம் தாண்டினாலும் எனக்குப் பிடிக்காது."

4 என்று அனுப்பினார். 'சாப்பாடு?'

9. 'கோதுமை மாவு ஆகாது. கண்ணில் படாமல் இருப்பது நல்லது.'

விசாரணை முடிந்ததும் விருந்தினருக்குக் கொடுக்க, பர்னபாஷின் மனைவி இரண்டு நாளாகப் பொகாச்சா என்னும் குட்டிக் கோதுமை ரொட்டிகளைச் சுட்டிருந்தாள். நான்கு தட்டு நிறைய, பாலாடைக்கட்டி போட்டது. நான்கையும் மூன்று மாடி தூக்கிக்கொண்டு போய்க் காலி அரங்கில் வைத்தார். மூச்சு வாங்கியது. இறங்கி வரும் வழியில் கழிவறைக்குப் போய் முகம் கழுவி, கழுத்துப்பட்டையைச் சரிசெய்தார். கண்ணாடியில் தெரிந்தவர் ஏற்கெனவே பட்டம் வாங்கிவிட்டவர் மாதிரி இருந்தார்.

ஒன்றரை மணிக்கு 5 அனுப்பினார். 'அரங்கில் ஏதாவது தேவையா?'

2222222.

"ஒண்ணு போதுமே" என்று முணுமுணுத்தார். "வயசாயிடுச்சு. வீணடிக்கிறாரு."

இரண்டாவது கட்டம்: 'கண் கூசுகிறது. வெளிச்சம் வேண்டாம்.' திரைச்சீலைகளை இழுத்து மூடினார். விளக்குகளையும் அணைத்தார்.

இரண்டு மணிக்குக் குழுவினர் ஏழு பேர் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். சமையல்காரி உருளைக்கிழங்குப் பாத்திரத்தோடு குறுக்கே போய் ஒருவர் காலை மிதித்தாள். பொகாச்சா எங்கே என்று யாரோ கேட்டார்கள்.

இரண்டு இருபதுக்கு ஹய்னல்கா பேனாவைத் திறந்தார்.

"மதிப்பீட்டாளர் வராததால் விசாரணை நடக்கவில்லைன்னு எழுதறேன். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"மேடம், ஒரே ஒரு கேள்வி பாக்கி இருக்கு."

"போன்ல கூப்பிடேன்ப்பா!"

"கூப்பிட்டா பன்னிரண்டு வருஷ ஆராய்ச்சி வீணாப் போயிடும் மேடம்."

6 என்று அனுப்பினார். 'எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள்?' கூடமே அவர் கையைப் பார்த்தது. போன் கிணுகிணுத்தது.

5.

தாளை ஜன்னல் இடுக்கு வெளிச்சத்தில் பிடித்தார். "வாசலுக்கு வந்துட்டேன்னு சொல்றாரு!"

எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள். யாருமில்லை. ஹய்னல்கா மூன்று வரை எண்ணுவது போலக் காத்திருந்துவிட்டுப் பேனாவைத் தாளில் வைத்தார்.

அப்போது கதவு திறந்தது. சட்டை முன்பக்கமெல்லாம் பொகாச்சாத் துணுக்குகளோடு வெண்டெல் நின்றார்.

"இங்க இருட்டுல என்னய்யா பண்றீங்க? ஒரு மணி நேரமா மேல நான் மட்டும் உக்காந்திருக்கேன். வாசல்ல கேக்க ஆள் இல்ல. கதவுல பூஜ்யம்னு ஒட்டியிருக்கு. வந்தவங்க கணக்காக்கும்னு நினைச்சேன்."

பர்னபாஷ் கண்ணை மூடித் திறந்தார். பட்டம் நடந்து வந்துவிட்டது.

"எப்ப வந்தீங்க வெண்டெல்?" என்றார் ஹய்னல்கா.

"நேத்து சாயங்காலமே வந்துட்டேன். மக வீட்டுல தங்கினேன்."

"காலையில கெபான்யாவுல இறங்கினதா இவன் சொல்றான்."

"நானா?"

பர்னபாஷ் எழுந்தார். குரலில் துளி நடுக்கம் இல்லை.

"தோராயம் மேடம். ஆய்வோட உயிரே அதுதான். 'முன்னதாகவே இறங்கிவிட்டேன்'னு செய்தி வந்துது. ஒரு ஸ்டேஷன் முன்னாடி இல்ல, ஒரு நாள் முன்னாடி. 'முன்னாடி'ங்கிறது வந்து சேந்துடுச்சு. மீதி உதிர்ந்துடுச்சு."

குழுவில் ஒருவர் தலையாட்டினார்.

"'தனியா வரல'ன்னு வந்துது. மக வீட்டுல தங்கியிருக்காரு. கால் வலின்னு வந்துது. மூணு மாடி ஏறினவரு ஒரு மணி நேரம் எழுந்திருக்கல."

"அது பொகாச்சா நல்லா இருந்துச்சு..."

"எத்தனை சாப்பிட்டீங்க சார்?"

"பதினாலு."

"மாவு ஆகாதுன்னு வந்துது. இனிமே நிச்சயமா ஆகாது."

கூடம் சிரித்தது. வெண்டெலும் சிரித்தார். இருட்டில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்ற அவரை பர்னபாஷ் கையால் காட்டினார். "கண்ணு. நீங்களே பாருங்க. கடைசிச் செய்தி, வாசலுக்கு வந்துட்டேன்னு. அதுல தோராயம்கூட இல்ல. ஆறு இலக்கம் நான் அனுப்பினேன், ஆறு அவரு. வீணானது, அந்த ரெண்டை அவரு ஏழு தடவை அடிச்சது மட்டும்தான். உயிருள்ள ரெண்டு மனுஷங்களுக்குள்ள நடக்குமான்னு கேட்டிருந்தாரு. நடந்துடுச்சு."

யாரோ மேசையைத் தட்டினார்கள். உடனே எல்லாரும் தட்டினார்கள்.

வெண்டெல் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கால்சட்டைப் பை. பிறகு கோட்டு.

"ஒரு நிமிஷம். என் போன்..."

"வெண்டெல், அரை மணி நேரம் தாமதம்" என்றார் ஹய்னல்கா. "முறைப்படி கேக்கறேன். பதிலை ஏத்துக்கறீங்களா?"

"தேற்றம் சரிதான். அதுல சந்தேகமில்ல. ஆனா அந்த இலக்கமெல்லாம்..."

"ஒரே வார்த்தையில சொல்லுங்க. ஆமாவா, இல்லையா?"

"ஆமா. ஆனா..."

"ஆமா" என்று ஹய்னல்கா எழுதிக்கொண்டார்.

வாக்கெடுப்பு நான்கு நிமிடத்தில் முடிந்தது. எதிர்ப்பு இல்லை. திரைச்சீலைகள் திறந்தன. மீதமிருந்த பொகாச்சா கீழே வந்தது. பழச்சாராயக் கோப்பைகள் நிரம்பின. பட்டம் பெற்ற பர்னபாஷ் ஒவ்வொருவர் கையாகக் குலுக்கிக்கொண்டு வந்தார். வெண்டெல் மட்டும் கோப்பையை ஜன்னலில் வைத்துவிட்டு நான்காவது முறையாகக் கோட்டுப் பையைத் துழாவினார்.

வாசல் மேசைக்குத் திரும்பியிருந்த இலுஷ் அம்மாள் கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"வெண்டெல் சார், உங்க பொண்ணு லைன்ல இருக்காங்க. உங்க போனை அவங்க வீட்டு சோபாவுலயே விட்டுட்டு வந்துட்டீங்களாம். தேட வேண்டாம்னு சொல்றாங்க, பேத்திகிட்டதான் இருக்காம்."

பிறகு பர்னபாஷ் பக்கம் திரும்பினாள்.

"பத்து மாசமாச்சு, பாப்பா வாயைத் திறந்து இன்னும் ஒரு வார்த்தை பேசலையாம், ஆனா உங்ககூட மட்டும் காலையிலேர்ந்து பேசிக்கிட்டே இருக்காம் டாக்டர் சார்."