அம்பலத்துக்கு வந்த அங்கிள்

உலகத்தில் எந்த மொழியில் எந்த வார்த்தை பிறந்தாலும், அதற்குத் தமிழில் பர்த் சர்டிபிகேட் எழுதிக் கொடுத்துவிடுவார் எங்கள் வேர்ச்சொல் அங்கிள். ஃப்ரீமான்ட் அபார்ட்மென்ட்டில் அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

"ஃப்ரீவேன்னா என்ன தம்பி? பெருவழி! வெள்ளைக்காரன் வாய்க்கு ழ வரல, முழுங்கிட்டான்" என்பார், இறங்க வேண்டிய எக்சிட்டைக் கோட்டைவிட்டபடியே. பிளாசா? "பலர் சாய்ஞ்சு உட்கார்ற இடம். பல சாய், பிளாசா!" அது ஸ்பானிஷ், மூலம் கிரேக்கம், 'அகலமான தெரு' என்று அர்த்தம் என்றேன். "கிரேக்கனுக்கு யார் குடுத்தா?" என்று என் வாயை அடைத்தார்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒருநாள் லே-ஆஃப். ஆன்ட்டியிடம் சொல்லத் தைரியமில்லை. காலையில் இஸ்திரி போட்ட சட்டையுடன் கிளம்புவார். காரை அடுத்த தெருவில் விட்டுவிட்டு, எங்கள் பிளாக்குகளுக்கு நடுவில் பெஞ்சு போட்ட சதுர வெளிக்கே திரும்பி வந்து லேப்டாப்பைத் திறப்பார். அவர் வீட்டு ஜன்னல் அந்தப் பக்கம் இல்லை. என் ஜன்னல் இருந்தது.

"அவ உடைஞ்சு போயிடுவா தம்பி. வேற வேலை கிடைக்கிற வரைக்கும் மூச்சு விடாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நானும் விடவில்லை.

அந்த நேரம் பார்த்து மேனேஜ்மென்ட், அந்தச் சதுரத்துக்குப் பெயர் சொல்லுங்கள் என்று கேட்டது. தமிழ்க் குடும்பங்கள் கிளப்ஹவுஸில் கூடினோம். அங்கிள் 'சதுக்கம்' என்றார். "அது சமஸ்கிருதம் அங்கிள்" என்று ஒருவர் போனைப் பார்த்துச் சொல்ல, அவர் முகம் சுண்டிப்போனது. 'மைதானம்' பாரசீகம். 'மன்றம்' என்றால் எந்த நடிகருக்கு என்பார்கள். 'சந்தி' என்று வைத்தால் சந்தி சிரித்துவிடும்.

"அப்ப அம்பலம்!" என்று எழுந்தார் அங்கிள். "ஊர் கூடுற பொது இடம்யா!"

"ஐயோ அங்கிள், 'உங்க பொண்ணை அம்பலத்துல பார்த்தேன்'னு யாராவது சொன்னா என் கதி?" என்றாள் என் மனைவி. ஒரே சிரிப்பு.

ஆன்ட்டி மட்டும் சிரிக்கவில்லை. "அதையே வைங்க. வேலை போனதை எங்கிட்ட மறைச்சுட்டு இந்த மனுஷன் தினம் அங்கதான் உட்கார்ந்திருக்கார். குப்பை போட வந்தப்ப நானே பார்த்தேன். இதைவிடப் பொருத்தமா வேற பேர் கிடைக்குமா?"

அங்கிள் மெதுவாக உட்கார்ந்துவிட்டார். சமஸ்கிருதம் என்று மடக்கினவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "ரெஸ்யூமே அனுப்புங்க அங்கிள். எங்க டல்லாஸ் டீம்ல ஆள் எடுக்கறாங்க, நான் ரெஃபர் பண்றேன்."

"எங்கிட்ட சொல்லியிருந்தா உங்களைக் கடிச்சா தின்னிருப்பேன்?" என்று கேட்ட ஆன்ட்டி அழுதே விட்டார். அங்கிள் தலையைக் குனிந்துகொண்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வேலையே கிடைத்து, டல்லாஸ் பக்கத்தில் ஆலன் என்ற ஊருக்குப் போய்விட்டார்கள். மேனேஜ்மென்ட் தன் இஷ்டத்துக்கு 'கார்டன் பிளாசா' என்று பலகை மாட்டிவிட்டது. அங்கிள் இல்லாமல் அந்த இடமே வெறிச்சென்று இருக்கிறது. ஆனாலும் நான் மனசில் எதையாவது வைத்துக்கொண்டு உம்மென்று திரிந்தால், என் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு, "வாங்க, அம்பலத்துக்குப் போய்ப் பேசலாம்" என்கிறாள்.