கட்டாயப் பயிற்சி, இடம்: மிலிசாவ் வீடு

வியன்னாவில் வாழும் என் அக்கா மகள் நெவேனாவுக்கு,

மொராவா ஆற்றங்கரையிலிருந்து உன் தாய்மாமன் மிலிசாவ், கை கழுவி, கண்ணாடி துடைத்து, நல்ல பேனாவாகத் தேடி எடுத்து எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தை தெசாங்காவும் கோழிகளும் சுகம். என் முட்டி மட்டும் வீங்கியிருக்கிறது. அது பெருமையால் வந்த வீக்கம், விவரம் கீழே வரும். நீயும் உன் வீட்டுக்காரரும் குளிரில் காதை மூடி நடமாடி, வேளைக்குச் சாப்பிட்டு, எங்களைவிட ஒரு படி மேலாகச் சுகமாக இருக்க வேண்டும் என்று புனித நிக்கோலாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் நம் குடும்பத்து ஆள், கேட்பார்.

உன் அம்மா போனில் உன்னிடம் அழுதது எனக்குத் தெரியும். "உன் மாமனுக்கு வேலை போகப்போகுதுடி, ஊரே சிரிக்குது" என்றாளாமே. நீயும் உடனே பதறிப்போய், அங்கே ஏதோ கிடங்கில் காவலாளி வேலை காலி இருக்கிறது, வருகிறீர்களா மாமா என்று சேதி அனுப்பியிருக்கிறாய். மகளே, உன் மாமன் தொழிற்சாலையில் ஷிஃப்ட் தலைவன். மற்றவர்களுக்கெல்லாம் சாம்பல் சட்டை, எனக்கு நீலச் சட்டை. நான் போய்க் கிடங்கு வாசலில் உட்காருவதா? இதைப் போனிலேயே எழுதலாம் என்று பார்த்தால், நான் பாதி அடித்த வார்த்தையை அது பிடுங்கித் தன் இஷ்டத்துக்கு முடிக்கிறது. எட்டாம் வகுப்பு வரை படித்தவன் நான், என் வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்க என் வாத்தியாருக்கே தைரியம் வந்ததில்லை. ஆகவே காகிதம். சனிக்கிழமை வியன்னா பஸ் ஓட்டும் மிலூட்டினிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், கூடவே உன் அத்தை சுட்டு அரைத்த மிளகாய் ஜாடிகளும். ஜாடியை அவன் திறந்திருந்தால் எனக்கு எழுது.

இங்கே வேலை எப்படித் தலைகீழாகிவிட்டது என்று உனக்குத் தெரிய வேண்டும். டிராக்டர் பாகம் செய்த காலத்தில் ஆலைச் சங்கு ஊதும், ஊரே எழுந்திருக்கும். அந்தச் சங்கை ஊதியவனே நான்தான். உன் அம்மா மறுப்பாள். சரி, ஊதியவன் பக்கத்தில் நின்றேன், அதுவும் ஊதிய மாதிரிதான். இப்போது அதே கட்டடத்தில் கார்களுக்கு மின்கம்பிக் கட்டுகள் செய்கிறோம், முதலாளிகள் வடக்கே எங்கேயோ இருக்கிறார்கள், சங்கு கிடையாது, சட்டைப் பையில் போன் நடுங்கும். லீவு கேட்பது போனில், சம்பளச் சீட்டு போனில், "மிலிசாவ், இன்று உங்கள் வரிசை மந்தம்" என்று திட்டுவதும் போனில். முன்பெல்லாம் திட்டுகிறவனுக்கு ஒரு முகம் இருக்கும், மாலையில் மதுக்கடையில் பிடித்து நாலு பதில் சொல்லலாம். போனுக்கு என்ன பதில் சொல்வது? ஒருமுறை சொன்னேன், அது என் அண்டை வீட்டுக்காரிக்குப் போய்விட்டது.

இப்படியிருக்கையில், அலுவலகத்தில் ஆட்களைக் கவனிக்கும் விஷ்ன்யா ஒரு டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பல்கலைக்கழகம் முடித்தவள், தங்கமான பெண், நான்தான் வளர்த்தேன் என்றே சொல்லலாம், அதாவது அவள் தாத்தாவுக்கு ஒரு தடவை சைக்கிள் இரவல் கொடுத்திருக்கிறேன்.

"மாமா, இதுல இருக்கிற பாடம் பூரா வருஷக் கடைசிக்குள்ள முடிச்சாகணும்."

"முடிக்கலைன்னா?"

"நீலச் சட்டையைக் கழட்டிட்டு, மறுபடி வரிசையில நின்னு கம்பிக்கு டேப் சுத்தணும். மேலிடத்து உத்தரவு, என்னைத் திட்டாதீங்க."

என் வரிசையில் வேலை பார்க்கும் தீஹோமிர் அப்போது பக்கத்தில்தான் இருந்தான். பாடம் பூராவும் போன மாதமே முடித்துவிட்டு, என் இடம் எப்போது காலியாகும் என்று காத்திருக்கிறவன். "கவலைப்படாதய்யா மிலிசாவ், உன் சட்டை எனக்குச் சரியாத்தான் இருக்கும். தோள்ல மட்டும் கொஞ்சம் பிடிக்கும்" என்றான். அன்றைக்கே முடிவு செய்தேன், இந்த டேப்லெட்டா நானா என்று பார்த்துவிடுவது.

பாடங்கள் ஒன்றும் பெரிய வித்தையில்லை நெவேனா. ஒவ்வொன்றும் முடிந்ததும் திரையில் ஒரு பொம்மைப் பெண் வந்து கைதட்டுகிறாள். தப்பாகச் செய்தாலும் தட்டுகிறாள், கொஞ்சம் மெதுவாக. நான் படித்த பள்ளியில் தப்பாகச் செய்தால் தட்டிய இடம் வேறு. கடைசிப் பாடம்தான் முக்கியம்: ஒரு கூட்டம் கூட்டுக. தேதி என்ன, இடம் எது, பொருள் என்ன, யார் யார், வருவது விருப்பமா கட்டாயமா? டிசம்பர் பத்தொன்பதைவிட உறுதியான தேதி நம் குடும்பத்தில் யாருக்குத் தெரியும்? புனித நிக்கோலாவின் நாள், நம் ஸ்லாவா. போட்டேன். இடம், என் வீடு. பொருள், ஸ்லாவா. பாடம்தானே, நிஜமாகவே அனுப்பித் தொலைக்கும் என்று நான் கண்டேனா?

நீ ஊரைவிட்டுப் போய் வருஷங்கள் ஆகிவிட்டதால் நினைவுபடுத்துகிறேன். ஸ்லாவா அன்று குடும்பத்துப் புனிதருக்கு மெழுகுவர்த்தி ஏற்றி வீட்டைத் திறந்து வைப்போம், ஆனால் ஒருத்தரையும் அழைக்க மாட்டோம். அழைத்தால் அவமானம். "நீயா வரமாட்டே" என்று அவன் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. வர வேண்டியவன் வருவான். (போன வருடம் அவ்வளவாக வரவில்லை. பாதிப் பேர் உன்னைப் போல வெளிநாட்டில், மீதிப் பேர் புனிதரின் படத்தைப் போனில் அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டார்கள். நாங்கள் மூன்று நாள் மீனே சாப்பிட்டோம்.) அப்படியிருக்க அந்தப் பெட்டி என்னைக் கேட்கிறது, யாரை அழைக்கிறீர்கள் என்று. விரல் நகருமா? ஒரு பெயரைத் தொட்டால் குடும்ப மானம் போச்சு. அப்போதுதான் பார்த்தேன், எல்லாப் பெயருக்கும் மேலே "எல்லோரும்" என்று ஒரு கட்டம். நான் யோசித்த விதத்தைக் கேள்: ஒருத்தனை அழைத்தால் அது அழைப்பு, எல்லோரும் என்றால் அது அழைப்பே இல்லை, கதவைத் திறந்து வைப்பது. தொட்டேன். விருப்பமா, கட்டாயமா? ஸ்லாவாவுக்கு வராமலிருக்க யாருக்கு உரிமை இருக்கிறது? கட்டாயம். பொம்மைப் பெண் குதித்துக் குதித்துக் கைதட்டினாள்.

எல்லோரும் என்றால் என் வரிசை என்று நினைத்துவிட்டேன். கம்பெனிக்கு மூன்று தொழிற்சாலைகள் மகளே. நம்முடையது, ருமேனியாவில் ஒன்று, வடக்கே தலைமையகத்தோடு சேர்ந்து ஒன்று. அத்தனை பேர் போனும் அவரவர் மொழியில் நடுங்கியிருக்கிறது: கட்டாயப் பயிற்சி, பொருள்: ஸ்லாவா, இடம்: மிலிசாவ் வீடு. விஷ்ன்யா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"மாமா, என்ன பண்ணி வச்சிருக்கீங்க! ஸ்லாவான்னா என்னன்னு தலைமையகத்துலேர்ந்து கேக்குறாங்க!"

"சொல்லேன்."

"சொன்னேன். வீடு திறந்திருக்கும், ஆள் வரும், சாப்பிடும், போகும், யாரும் யாரையும் கூப்பிட மாட்டாங்கன்னு எழுதினேன். புது வேலைமுறை போலிருக்கு, நேர்ல பாக்கணும்னு பெரியவரே கிளம்பி வர்றார்."

"ரத்து பண்ண முடியாதா?"

"அனுப்பினவங்கதான் ரத்து பண்ணணும்."

ஸ்லாவாவை ரத்து செய்வதா! துருக்கிக்காரன் ஐந்நூறு வருஷம் உட்கார்ந்திருந்தான், அவனாலேயே முடியவில்லை. தவிர, ரத்து செய்வது எப்படி என்ற பாடம் எனக்கு இன்னும் வரவில்லை.

வீட்டில் உன் அத்தைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பதெல்லாம் கவலையில்லை. "அழைச்சியா மனுஷா? ஸ்லாவாவுக்கு ஆள் அழைச்சியா? எங்கப்பா செத்த வருஷம்கூட நாங்க யாரையும் அழைச்சதில்லையே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். "எல்லாரும்னுதான் போட்டேன், யார் பேரும் சொல்லல" என்றேன். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை, கெண்டை மீனோடுதான் பேசினாள், அதுவும் செதில் உரிக்கும்போது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய விரத காலமாயிற்றே, இறைச்சி கிடையாது, முட்டை பால் கிடையாது, மீனும் பீன்ஸும்தான். நான் வாங்கி வந்த கெண்டை ஒவ்வொன்றும் குளியல் தொட்டியில் கால் நீட்டிப் படுக்க இடமில்லாமல் தவித்தது.

ஸ்லாவா அன்று காலையில் முதலில் வந்தது தீஹோமிர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டான். ஊரில் பாதிப் பேருக்கு நிக்கோலாதான் புனிதர், அவனுக்கும் அவரே.

"டேய் மிலிசாவ், என் வீட்டுல என் புனிதர் காத்துக்கிட்டிருக்கார், உன் வீட்டுல என் வருகைப்பதிவு காத்துக்கிட்டிருக்கு. நான் என்னடா பண்றது?"

"ரெண்டு வீட்டுக்கும் ஒரே புனிதர்தானே, உள்ள வா."

"அவர் எங்க வேணா நிப்பாருடா. வீட்டுக்காரன் நான் எப்படி வீட்டை விட்டு வர்றது?"

போய்விட்டான். கட்டாயப் பயிற்சிக்கு வரவில்லை என்று அவன் பெயருக்கு நேரே சிவப்பு விழுந்தது. எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது, ஒரு சின்ன கிளாஸ் பிளம் சாராயம் குடித்த பிறகு சரியாயிற்று.

பிறகு வந்தார்கள் பார், நெவேனா! சொந்த ஸ்லாவா இல்லாத மீதிப் பாதி ஊர், ருமேனியாவிலிருந்து ஒரு பஸ், கூட்டம் ஆற்றுப் பாலம் வரை நின்றது. பாலம் வரை இல்லாவிட்டாலும் கோழிக்கூடு வரை. பாதிரியார் இவ்வளவு ஜனத்தைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டார், வெங்காயமும் பக்கத்தில் இருந்தது. தலைமையகத்துப் பெரியவர் லெனார்ட், கம்பளித் தொப்பியைக் கையில் பிடித்தபடி மூலையில் நின்று கண் கொட்டாமல் பார்த்தார். நுழைகிறவன் சிலுவையிட்டு புனிதருக்குப் படைத்த, வேகவைத்த இனிப்புக் கோதுமையில் ஒரு கரண்டி வாயில் போடுகிறான், கிளாஸை உயர்த்துகிறான், காலி நாற்காலியில் உட்காருகிறான், சூப்பு, மீன், எழுந்திருக்கிறான், அடுத்தவன் உட்காருகிறான். எங்கும் ஒரு தடை இல்லை, ஒரு சத்தம் இல்லை. விஷ்ன்யா அவர் கேட்டதையெல்லாம் எனக்குச் சொன்னாள்.

"யார் எங்க உக்காரணும்னு யார் சொல்றாங்கன்னு கேக்குறார் மாமா."

"யாரும் சொல்லறதில்ல."

"எப்ப எழுந்திருக்கணும்னு எப்படித் தெரியும்?"

"காபி வந்தா தெரியும். காபின்னா, போயிட்டு வாங்கன்னு அர்த்தம். அதை வாயால சொல்லக் கூடாது."

"அப்ப நீங்க என்ன பண்றீங்க?"

"நான் நிக்கிறேன். இன்னைக்கு வீட்டுக்காரன் உக்காரவே கூடாது."

"ஒரு உத்தரவுகூடக் குடுக்க மாட்டீங்களா?"

"ஒண்ணுகூடக் கிடையாது!"

இந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் அவர் இரண்டு தடவை கேட்டார். நானும் இரண்டு தடவையும் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். எல்லாவற்றையும் போனில் எழுதிக்கொண்டார். உன் அத்தை அவருக்குக் காபி கொடுத்தாள். குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். கொடுத்தாள். மறுபடி கேட்டார். "இந்த ஆள் கிளம்பணும்னா இன்னும் எத்தனை காபி ஊத்தணும்?" என்று என்னிடம் பேசியே விட்டாள், அவ்வளவு நாள் கழித்து. மெழுகுவர்த்தி அணைகிற வரைக்கும் இருந்தார். போகும்போது என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு உங்ககிட்டேர்ந்து நிறையக் கத்துக்கிட்டேன்" என்றாராம். விஷ்ன்யா இதை மொழிபெயர்க்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, தொண்டையில் முள் சிக்கியிருக்கும், கெண்டையில் அதுதான் தொல்லை.

நாள் பூரா நின்ற முட்டிதான் வீங்கியிருக்கிறது. மறுநாள் டேப்லெட்டைத் திறந்தால் பாடம் அத்தனையும் தேர்ச்சி, மூன்று தொழிற்சாலைகளிலும் அதிக ஆள் வந்த கூட்டம் என்று என் பெயர் உச்சியில்! ஆக, உன் அம்மாவிடம் சொல்லிவிடு, நீலச் சட்டை என் தோளில்தான் இருக்கிறது, இஸ்திரி போட்டு. அந்தக் கிடங்கு வேலையைப் வேறு யாராவது வேலை இல்லாத பாவப்பட்டவனுக்குக் கொடுக்கச் சொல். நீயும் அங்கே இயந்திரங்களைக் கண்டு மிரளாதே. நம்மிடமிருந்து கற்றுக்கொள்ளத்தான் அவை வந்திருக்கின்றன.

புனித நிக்கோலா உன் வீட்டு அடுப்பை அணையாமலும், உன் வீட்டுக்காரரின் தலைமுடியை இருக்கிற அளவிலாவது உதிராமலும் காப்பாராக. அத்தை உனக்கு முத்தம் சொல்கிறாள், உன் அம்மாவுக்குச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்,
ஷிஃப்ட் தலைவன் மிலிசாவ்

பின்குறிப்பு: மிலூட்டின் பஸ்ஸை உறுமவிட்டுக்கொண்டு நிற்கிறான், அவசரமாக எழுதுகிறேன். நேற்று விஷ்ன்யா அலுவலகத்துக்குக் கூப்பிட்டாள். நான் உட்காருவதற்கு முன்பே மேஜைமேல் காபி இருந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. நான் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டேன். அதற்குப் பிறகுதான் சொன்னாள். ஆட்களுக்கு எல்லாம் தானாகவே தெரிகிறது, தலைவன் சும்மா நின்றால் போதும், நிற்பதற்கு ஆள் எதற்கு என்று பெரியவர் எழுதியிருக்கிறாராம். ஜனவரியிலிருந்து மூன்று தொழிற்சாலைகளிலும் ஷிஃப்ட் தலைவர் யாரும் கிடையாது, அந்த முறைக்கு ஸ்லாவா என்று பெயர். எனக்கு மறுபடி கம்பிக்கு டேப் சுத்துகிற இடம் உண்டு என்றாள், தீஹோமிருக்குப் பக்கத்தில். மேலே எழுதியதை உன் அம்மாவிடம் படித்துக் காட்ட வேண்டாம். அந்தக் கிடங்கு வேலையை வேறு யாருக்கும் சொல்லிவிடாதே. அங்கே காபி எப்போது கொடுப்பார்கள் என்று மட்டும் விசாரித்து எழுது.