யோகலிங்கத்தாரின் காருக்கு வாய்ப்பூட்டு

சக்கரத்தைக் கண்டுபிடித்தவனின் பெயர் இன்றுவரை யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் ஒரு சங்கமும் அதற்கொரு செயலாளரும் இல்லாமற் போனதால் வந்த வினை அது. தொண்ணூற்றேழாம் ஆண்டு தர்மபுரத்தில் நடந்த மகத்தான காரியத்துக்கும் அந்தக் கதி வந்துவிடக்கூடாது. எங்கள் சமூக முன்னேற்றச் சங்கத்தின் தலைவர் யோகலிங்கத்தாருடைய மொறிஸ் மைனர் காருக்கு நாங்கள் ஒரு சைலென்சர் தெரிவுசெய்தோம். செயலாளர் நான். ஆகவே எழுதுகிறேன்.

யோகலிங்கத்தார் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் பிரதம இலிகிதராக இருந்து ஓய்வுபெற்று, வயலும் வாய்க்காலுமாக எங்கள் மத்தியில் வாழ்ந்தவர். யுத்தத்தைக் காட்டிப் பெற்றோல் வன்னிக்குள் வரக்கூடாதென்று கொழும்பு தீர்மானித்த பிறகு, எங்கள் பகுதியில் ஓடிய ஒரே கார் அவருடையதுதான். கண்ணுக்கு மருந்து விடுகிற சின்னப் போத்தலால் நாலு சொட்டுப் பெற்றோலைக் காபறேற்றருக்குள் விட்டால் அது இருமிக்கொண்டு கண்விழிக்கும். பிறகு குப்பி விளக்குக்குக் கிடைக்காத மண்ணெண்ணெயைக் குடித்தபடி கம்பீரமாக ஓடும்.

அந்தக் காரின் சைலென்சர் ஒருநாள் முல்லைத்தீவு வீதியில் கழன்று விழுந்தது. குழிக்குள், எங்கள் பேச்சில் கிடங்குக்குள், விழுந்தது என்று எழுதலாம். ஆனால் அந்த வீதியில் கிடங்கு எது, வீதி எது என்பது பற்றிச் சங்கத்தில் கருத்தொற்றுமை இல்லை.

அன்று பின்னேரம் கார் ஊருக்குள் வந்த சத்தத்தில் சனமெல்லாம் 'ஹெலி, ஹெலி' என்று பங்கருக்குள் பாய்ந்தது. யோகலிங்கத்தாரின் மனைவி கமலாசனி அம்மாவும் பாய்ந்தார். சொந்தப் புருஷன் வீட்டுக்கு வருகிற சத்தத்துக்குப் பங்கருக்குள் குதித்த பெண்மணி என்ற பெருமை அவவுக்கே உரியது. ஆனால் சனம் கெட்டிக்காரச் சனம். ஒரு கிழமைக்குள் பழகிவிட்டது. "ஹெலி மேலாலை வரும், ஐயா கீழாலை வருவார்" என்று சொல்லிக்கொண்டு வேலையைப் பார்த்தது.

ஆக, சனத்தின் பயம் போய்விட்டது. அதன் பிறகுதான் சனத்தின் பயத்தைப் பற்றிச் சங்கம் அவசரக் கூட்டம் கூட்டியது.

ஏனென்று சொல்லவேண்டும். சத்தம் கல்லாற்றுப் பக்கம் தொடங்கும்போதே ஊருக்குக் கேட்டுவிடும். கார் சந்திக்கு வருவதற்குள் பாம்பு கடித்தவன், காய்ச்சலில் பிதற்றுகிறவன், வயிறு நிறைந்த பெண், எல்லாரும் வீதியோரத்தில் தயாராக நிற்பார்கள். ஒருநாள் தோட்டவேலை செய்கிற ஒருவர் வலிப்பு வந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடுவீதியில் நின்றார்.

"ஐயா, புள்ளய ஆஸ்பத்திரியில விட்ருங்க ஐயா."

சுற்றிவர முப்பது நாற்பது கண்கள். யோகலிங்கத்தார் என்ன செய்வார்? "ஏத்துங்கோ, ஏத்துங்கோ" என்றார், பற்களுக்கு இடையால். முன் சீற்றில் இருந்த எங்கள் பொருளாளர் முத்துலிங்கம் இறங்கி நடக்கவேண்டியதாயிற்று. பிள்ளை பிழைத்துவிட்டது. ஆனால் சீற்றில் விரித்திருந்த வெள்ளைத் துவாய் பிழைக்கவில்லை.

இரக்கம் என்பது மனிதனுடைய அந்தரங்கமான குணம். அதை நாள்தோறும் நடுச்சந்தியில் வைத்துப் பிடுங்குவது நாகரிகமா? யோகலிங்கத்தார் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெருந்தன்மை. கூட்டத்துக்கு அவர் தந்த தலைப்பு 'ஒலி மாசும் உளநலமும்'.

தலைப்பை எடுத்துக் கொடுத்தவர் முத்துலிங்கம். அவர் அப்போதுதான் மூன்று நாள் பயிற்சிப் பட்டறை ஒன்றுக்குப் போய், ஒரு துணிப்பையும் 'உளநலம்' என்ற சொல்லுமாகத் திரும்பியிருந்தார். பை கொஞ்ச நாளில் கிழிந்துவிட்டது. சொல் கிழியவில்லை.

"இந்தச் சத்தத்தாலை சனத்தின்ரை நெஞ்சு நடுங்குது" என்று அவர் கூட்டத்தில் தொடங்கினார்.

பின்வரிசையில் இருந்து பேச்சியம்மா எழுந்தார். மலையகத்தில் இருந்து எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தோடு இங்கே வந்து குடியேறியவர். யோகலிங்கத்தாரின் கச்சான் தோட்டத்தில் புல்லுப் பிடுங்குகிறவர்.

"நடுங்கலைங்க ஐயா. இப்ப அந்தச் சத்தம் கேட்டாத்தான் எங்களுக்குத் தைரியமா இருக்கு. மருமக மீனம்மா மாசமா இருக்கா. மகனும் ஊர்ல இல்ல. வலி வந்தா அந்தச் சத்தத்த வச்சுத்தான் ரோட்டுக்கு ஓடியாரணும்."

யோகலிங்கத்தார் கனிவோடு சிரித்தார். "நீங்கள் பயப்பிடுறது உங்களுக்கே விளங்கேல்லை, அம்மா."

"இல்லைங்க, நான் பயப்படலைங்க."

"அதைத்தான் உள்மனப் பயம் எண்டு சொல்லுறது" என்றார் முத்துலிங்கம். "பயம் இல்லையெண்டு சொல்லுறதுதான் முதல் அறிகுறி. பட்டறையிலை படம் கீறிக் காட்டினவை."

பேச்சியம்மா உட்கார்ந்தார். சந்தா செலுத்திய அங்கத்தவர் அல்லர் என்பதால் அவருடைய கருத்தை அறிக்கையில் சேர்க்க விதி இடம்தரவில்லை. விதியை எழுதியவன் நான்தான். அதனால் அதை மீறும் உரிமை எனக்கில்லை. 'புகைக்குழாய் ஒலித்தெரிவு உபகுழு' ஏகமனதாக அமைக்கப்பட்டது. தலைவர், பொருளாளர், செயலாளர் மூவரும் உறுப்பினர்கள்.

உபகுழு நல்லதம்பியின் கராஜுக்குப் போனது. நல்லதம்பி ஒட்டுவேலைக்காரன். ஆனால் தன்னை 'ஒலி விற்பன்னர்' என்று சொல்லிக்கொள்வான். மூன்று குழாய்களை ஒரு சாக்கில் வரிசையாகக் கிடத்தி வைத்திருந்தான், பெண்பார்க்க வந்தவர்களுக்குக் காட்டுவதுபோல.

முதலாவது லாண்ட்மாஸ்ரர் உழவுயந்திரத்தின் குழாய். "இது ஆம்பிளைக் குரல் ஐயா. ஒருக்கால் கேளுங்கோ" என்று காரில் பூட்டி ஓடவிட்டான். ஐந்து நிமிடத்தில் ஒருவர் இரண்டு மூட்டை நெல்லோடு வந்து, "மில்லுக்கோ போகுது?" என்று கேட்டார். யோகலிங்கத்தாரின் முகம் கறுத்தது. அந்தஸ்துக் காரணங்களுக்காக அது நிராகரிக்கப்பட்டது.

இரண்டாவது பால்மாத் தகரப் பேணிகளை ஒன்றோடொன்று ஒட்டிச் செய்தது. அது விசில் அடித்தது. அயலில் இருந்த நாய்கள் எல்லாம் வானத்தைப் பார்த்து ஊளையிட்டன. நாய்களின் உளநலம் எங்கள் திட்டத்துக்குள் வராது. ஆனாலும் அந்த விசில் விசுவமடு வரைக்கும் கேட்கும் என்று நல்லதம்பி பெருமையாகச் சொன்னதும், யோகலிங்கத்தார் "கழட்டு, கழட்டு" என்று இரண்டு தரம் சொன்னார்.

மூன்றாவது, பழுதாய்ப்போன இரண்டு தண்ணீர் இறைக்கும் மெசின்களின் சைலென்சரை ஒன்றுக்குள் ஒன்று செருகி, இடைவெளியெல்லாம் இரும்புச் சுருளை அடைத்துச் செய்தது. நல்லதம்பி அதைப் பூட்டினான். நாங்கள் காத்திருந்தோம்.

"ஏன் இன்னும் ஸ்ரார்ட் பண்ணேல்லை?" என்று கேட்டார் யோகலிங்கத்தார்.

"ஓடிக்கொண்டெல்லோ நிக்குது ஐயா."

முத்துலிங்கம் குனிந்து பொனெற்றில் காதை வைத்துப் பார்த்தார். "ஓம். சீவன் இருக்கு" என்றார்.

நல்லதம்பி தலையைச் சொறிந்தான். "ஒரு குறை சொல்லவேணும் ஐயா. எஞ்சினுக்கு மூச்சு முட்டும். ஏத்தத்திலை இழுவை குறையும்."

"தர்மபுரத்திலை எங்கையடா ஏத்தம்?"

"ஏத்தம் இல்லைத்தான். ஆனா கூடச் சனத்தை ஏத்தினாலும் இழுக்காது."

யோகலிங்கத்தாரின் முகத்தில் அப்படியொரு பிரகாசத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"கூடச் சனத்தை ஏத்தேலாதோ?"

"உங்களையும் சேர்த்து மூண்டு பேர் போகலாம். நாலாவது ஆள் ஏறினா நிண்டிடும்."

"அப்ப இதுதான்" என்றார். "எங்கடை சனத்துக்கு இதுதான் பொருத்தம்."

இவ்வாறாக எங்கள் ஊருக்கு அமைதி வந்தது. பெரிய பெரிய தலைவர்கள் வெளிநாடுகளுக்கெல்லாம் போயும் கொண்டுவர முடியாத அமைதி. கார் வரும், போகும். யாருக்கும் தெரியாது. காற்றில் கொஞ்சம் மண்ணெண்ணெய் மணக்கும். அவ்வளவுதான். 'ஐயா வீட்டில் நிக்கிறாரோ?' என்று கேட்டு வருகிறவர்களிடம் கமலாசனி அம்மா, "அவர் கார் எடுத்துக்கொண்டு போட்டார்" என்று சொல்லுவா. கொட்டிலுக்குள் கார் ஓடிக்கொண்டே நிற்கும். கேட்டவர்களுக்குக் கேட்காது.

ஒருநாள் காலை நாங்கள் மூவரும் புதுக்குடியிருப்பில் ஒரு கருத்தரங்குக்குப் புறப்பட்டோம். அமைதிக் குழாயைப் பற்றி நான் அங்கே கட்டுரை வாசிக்க இருந்தேன். சந்தி வளைவில், பாலை மரத்தின் கீழ், பேச்சியம்மா முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து நின்றார். பாயில் மீனம்மா கிடந்தாள். பேச்சியம்மா மருமகளின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கார் அவர்களுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் போனது. அவர் திரும்பவில்லை. அவ்வளவு சிறப்பான குழாய்.

மீனம்மாதான் கண்டாள் போலிருக்கிறது. கையை நீட்டிக் காட்டினாள். பின் கண்ணாடியால் பார்த்தேன். பேச்சியம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காருக்குப் பின்னால் ஓடி வந்தார். வாய் திறந்திருந்தது. கத்தியிருக்கவேண்டும். புழுதி வராமல் கண்ணாடிகளைப் பூட்டியிருந்ததால் உள்ளே ஒன்றும் கேட்கவில்லை.

"ஐயா, ஆரோ பின்னாலை ஓடி வருகினம்" என்று கடமை தவறாமல் அறிவித்தேன்.

"எங்களை வழியனுப்பினமாக்கும்" என்றார் முத்துலிங்கம்.

"நிப்பாட்டினா எஞ்சின் நூந்துபோம்" என்றார் யோகலிங்கத்தார். "நாலாவது ஆளுக்கு இழுக்காதெண்டு நல்லதம்பியும் சொன்னவன்தானே. ஐஞ்சு பேரெண்டால்?"

விஞ்ஞானத்தோடு யார் வாதாடமுடியும்? பேச்சியம்மா வரவரச் சிறிதாகிப் புழுதிக்குள் மறைந்தார். பிறகு வயலில் நின்ற லாண்ட்மாஸ்ரர் ஒன்றைக் கெஞ்சிப் பிடித்து, அதன் பெட்டியில் மருமகளைக் கிடத்திக்கொண்டு போனதாகக் கேள்வி. உடையார்கட்டு தாண்டுவதற்குள் அந்தப் பெட்டியில் என்ன நடந்தது என்பது சங்கத்தின் செயற்பரப்புக்குள் வராது. என் கட்டுரைக்கு நல்ல கைதட்டல் கிடைத்தது.

அந்தக் கைதட்டலின் பயனாக, உதவி நிறுவனம் ஒன்றின் திட்ட இணைப்பாளர் தர்ஷன் என்ற இளைஞர் எங்கள் சாதனையை நேரில் பார்க்க வந்தார். கதிரைகள் போடப்பட்டன. தேத்தண்ணியும் மலிபன் பிஸ்கற்றும் வந்தன. நான் எழுந்து அறிக்கையை வாசித்தேன்.

"புதிய குழாய் பூட்டப்படுவதற்கு முன்னர் தலைவரின் காரை மறித்த நோயாளர்கள் நாளுக்கு ஒருவராவது இருந்தனர். பூட்டிய பின்னர் ஒருவர்கூட இல்லை. ஆகவே ஊரில் இருந்த வலிப்பு, காய்ச்சல், பிரசவ வேதனை என்பவற்றுக்குச் சத்தமே காரணமாக இருந்தது என்பது நிரூபணமாகிறது."

தர்ஷன் பேனையை எடுத்தார். "பாம்புக்கடியும் குறைஞ்சிருக்கோ?"

"அறவே இல்லை" என்றார் யோகலிங்கத்தார். "பாம்புக்கும் சத்தம் எண்டால் கோவம்தானே."

"அருமை" என்று எழுதிக்கொண்ட தர்ஷன், நிமிர்ந்து சனத்தைப் பார்த்தார். "பயனாளிகள் தரப்பிலையும் ஆராவது ஒரு கருத்துச் சொன்னால் நல்லாயிருக்கும்."

முத்துலிங்கம் ஏற்பாடு செய்திருந்த ஆள் எழும்புவதற்குள் பேச்சியம்மா எழுந்துவிட்டார். அவர் யோகலிங்கத்தாரைப் பார்க்கவில்லை. தர்ஷனைப் பார்த்துத்தான் பேசினார்.

"அய்யா வாசிச்சது சரிதாங்க. குறைஞ்சு போச்சுங்க. எங்க வீட்ல ஒண்ணு குறைஞ்சு போச்சு."

"என்ன அம்மா?"

"மருமகளுக்கு ஆம்பளப் புள்ளைங்க. லாண்ட்மாஸ்டர் பொட்டியிலயே பொறந்துருச்சு. நான்தான் கையில ஏந்துனேன். தட்டிப் பார்த்தேன், ஊதிப் பார்த்தேன். அழவே இல்லைங்க. சத்தமே போடலைங்க."

தர்ஷனின் பேனை நின்றுவிட்டது. யோகலிங்கத்தார் பிஸ்கற் தட்டைப் பார்த்தார். முத்துலிங்கம் என்னைப் பார்த்தார். ஒரு நல்ல செயலாளன் தேவைப்படுவது இப்படியான தருணங்களில்தான். நான் அறிக்கைத் தாளை இழுத்து, இந்தத் தடவை அவருடைய கருத்தையும் விடாமல் சேர்த்துக்கொண்டேன்:

'சத்தம் முற்றாக நின்றுவிட்டதைப் பயனாளி ஒருவரும் உறுதிப்படுத்தினார்.'