எஞ்சினுக்குப் போட்ட மாலை

கையில் ஒரு கருவி வந்தால் கூடவே அறிவும் வந்துவிட்டதாக நம்புகிற ஆள் நான். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி வாங்கிய வாரத்தில் தெருவில் பாதிப் பேருக்கு உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் என் மானத்தை முழுசாக வாங்கியது, வண்டியில் செருகி எஞ்சின் கோளாறு பார்க்கும் தீப்பெட்டி அளவு ஸ்கேனர்தான்.

எங்களிடம் ஒரு சின்ன பெட்ரோல் பிக்கப் உண்டு. (எங்களிடம் என்பது மரியாதைக்கு. வண்டி என் மனைவி செல்வியுடையது. நான் டிரைவர்.) செல்வி விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் பன்னிரண்டு வருடம் சரக்கு பார்த்துப் பிரித்தவள். சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு கோப்பையையும் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டிக் கேட்பாள். 'ணங்' என்றால் நல்லது, 'டொக்' என்றால் விரிசல். கண்ணுக்குத் தெரியாத விரிசல்கூட அவள் காதுக்குத் தப்பாது. அந்த வேலையை விட்டுச் சொந்தமாக ஒரு சின்னச் சூளை போட்டாள். முதல் ஆர்டர், பெண்ணாடத்தில் ஒரு கல்யாணத்துக்குத் தாம்பூலப் பையில் போட முந்நூறு குங்குமச் சிமிழ். அது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த ஆள் நம்பிக் கேட்பார்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பு ஆயுத பூஜை. ஊரே வண்டியின் முகப்புக்கு மாலை போடுகிறது. உழைப்பதெல்லாம் எஞ்சின், மாலை மட்டும் முகப்புக்கா என்று எனக்கு நியாய உணர்வு பொங்கிவிட்டது. பானெட்டைத் திறந்து, ஆணி மாதிரி நீட்டிக்கொண்டிருந்த ஒன்றில் ஒரு முழம் சாமந்தியை மாட்டி, சந்தனம் வைத்து, கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். மறுநாள் ஸ்டீயரிங் முன்னால் கோளாறைக் காட்டும் எஞ்சின் விளக்கு எரிந்தது.

ஸ்கேனரைச் செருகினேன். போனில் ஒரு எண் வந்தது. எஞ்சினுக்குள் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அதற்கு விளக்கம் சொன்னது. அதை அப்படியே செல்வியிடம் ஒப்பித்தேன்.

"காத்து அதிகம், சரக்கு கம்மி. வண்டியும் உங்களாட்டமே ஆயிடுச்சிங்க," என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருது. எங்கியோ விரிசல் இருக்குது, பாருங்க," என்றாள்.

இந்தக் காலத்தில் வண்டிக் கோளாறைக் காதால் கண்டுபிடிப்பதில்லை என்று நான் சிரித்தபடி விளக்கினேன். (அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.)

அப்புறம் ஏர் ஃபில்டரை மாற்றினேன். பெட்ரோல் ஃபில்டரை மாற்றினேன். புகைக்குழாயில் இருக்கும் சென்சாரை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் போனில் அந்தக் கோளாறு எண்ணை அழிப்பேன், விளக்கு அணையும், வெற்றி என்று அறிவிப்பேன். ரயில்வே ஜங்ஷன் போவதற்குள் மறுபடி எரியும். தெரிந்த மெக்கானிக் ஒருவர், தான் ஒருமுறை பார்க்கட்டுமா என்று கேட்டார். அவருக்கு ஸ்கேனர் போனில் கோடு கோடாக ஓட்டிய படத்தைக் காட்டிப் பாடம் எடுத்தேன். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். இத்தனை வேலையிலும் அந்த மாலையை மட்டும் நான் தொடவில்லை. பூஜை மாலை தானாக உதிர வேண்டும் என்பது நானே எழுதிக்கொண்ட சாஸ்திரம்.

கல்யாண வரவேற்பு நாள் வந்தது. சிமிழ்களைப் பெட்டிகளில் வைக்கோல் போட்டு அடுக்கி, மதியம் மூன்று மணிக்குக் கிளம்பினோம். கருவேப்பிலங்குறிச்சி வேகத்தடையில் மெதுவாக்கினேன். வண்டி இரண்டு முறை குலுங்கி நின்றுவிட்டது. போனை எடுத்தேன், அழித்தேன், கிளப்பினேன். நின்றது. மறுபடி அழித்தேன். மறுபடி நின்றது. ஆறு மணிக்குள் சரக்கு மண்டபத்தில் இருக்க வேண்டும். செல்வி இறங்கிப் போய், பின்னால் இருந்த பெட்டிகளின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

கொஞ்ச நேரத்தில் என் பக்கம் வந்தாள். "போனை உள்ள வைங்க. வண்டியக் கிளப்பி ஆக்ஸிலேட்டர மிதிச்சிக்கிட்டே இருங்க."

பானெட்டைத் திறந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, கண்ணை மூடி எஞ்சின் பக்கம் காதைச் சாய்த்தாள். பிறகு காய்ந்த மாலையைத் தூக்கிவிட்டு, அது தொங்கிய இடத்தில் விரலை வைத்து அழுத்தினாள். உறுமிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று சீராக ஓடியது. விரலை எடுத்தாள், திணறியது. வைத்தாள், சீரானது.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அது ஆணி இல்லை, ஒரு சின்னக் குழாய். அதன் முனையில் ஒரு ரப்பர் மூடி இருந்தது. நூல் வழுக்குகிறது என்று அதைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டவன் நான்தான். மூன்று வாரமாக எஞ்சின் அந்த ஓட்டை வழியாகக் கணக்கில்லாமல் காற்றை இழுத்திருக்கிறது.

இதைச் சொன்னதும் செல்வி என்னைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள். பேனா மூடி ஒன்றை ஓட்டையில் மாட்டி, பெட்டி ஒட்டும் டேப்பால் சுற்றினாள். ஐந்தரைக்கு மண்டபத்தில் இருந்தோம். பெண்ணின் அம்மா முன்னால் செல்வி ஒரு சிமிழைத் தட்டிக் காட்டினாள். 'ணங்'. முந்நூறில் ஒன்றுகூட உடையவில்லை.

திரும்பும்போது கேட்டாள். "அன்னைக்கு மாலையப் போட்டுட்டுக் கண்ண மூடி நின்னீங்களே, என்ன வேண்டுனீங்க?"

"உன் சரக்கு உடையாம போய்ச் சேரணும்னு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. கொஞ்ச தூரம் போனதும் கியர் மேலிருந்த என் கையின் மீது அவள் கை வந்தது.

இன்றைக்கும் வண்டியில் எந்த விளக்கு எரிந்தாலும் முதல் சோதனை எனக்குத்தான். செல்வி விரல் முட்டியால் என் தலையில் ஒரு தட்டு தட்டி, காதை வைத்துக் கேட்பாள். "விரிசல் இல்லங்க. உள்ள வெறும் காத்துதான்," என்பாள். அதற்குப் பிறகுதான் பானெட்டைத் திறப்போம்.