எந்தப் பாஷையில் எடுக்கட்டும்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் திருத்தணியில் படம் பிடித்துக்கொண்டவர்களில் வாயை மூடி உட்கார்ந்தவர் ஒருவர்கூடக் கிடையாது. பாஷை பாய் விடமாட்டார்.

மலையடிவாரத்தில் அவருடைய ஸ்டூடியோ. சாமி கும்பிட்டு இறங்குகிற அத்தனை பேருக்கும் மொட்டை, அத்தனை மொட்டைக்கும் சந்தனம். படம் கழுவி எடுத்தால் யார் யாரென்று பாய்க்கே தெரியாது. ஒருமுறை பள்ளிப்பட்டு மாமனார் படம் புத்தூர் மருமகனுக்குப் போய்விட்டது. அன்றைக்குப் பிடித்துக்கொண்டது அவருக்கு ஒரு சித்தாந்தம்.

"மொட்டை அடிச்சா அல்லாரும் ஒண்ணு தம்பி. பேசினாத்தான் மூஞ்சி வேற வேறயா வரும்."

கறுப்புத் துணிக்குள் தலையை விடுமுன் கேட்பார்: "எந்தப் பாஷைல எடுக்கட்டும்?" பேசவைத்து, பாதியில் "அப்படியே இரு" என்பார். அரக்கோணத்து ரயில்வே கார்டு ஒருவர் இங்கிலீஷில் எடுக்கச் சொல்லி, யாரையோ திட்டுகிற முகத்தோடு வந்துவிட்டார். அவர் சம்சாரம், "நெசமாவே இப்படித்தான்" என்று அதைப் பிரேம் போட்டுக்கொண்டாள்.

எனக்குப் பெண் தேடிய சமயம். என் பழைய படத்தின் கடுகடுப்பைப் பார்த்து இரண்டு வீட்டார் ஏற்கெனவே பின்வாங்கியிருந்தார்கள். நகரியில் ஒரு தெலுங்கு வீடு புதுப் படம் கேட்டது. யுத்த காலம், பாயிடம் மிஞ்சியிருந்ததோ ஒரே ஒரு கண்ணாடி பிளேட், ஒரு படத்துக்குத்தான் ஆகும்.

"தமிழ்லயே எடுங்க பாய். தமிழ் வூட்டுப் பையன்," என்றார் நைனா, என் அப்பா.

அம்மா தெலுங்குக்காரி. "பாக்கறவங்க தெலுங்குங்க. எங்கிட்ட பேசறப்போதான் அவன் மூஞ்சி லட்சணமா இருக்குது."

"அப்ப உங்க அண்ணன் மூஞ்சி வந்துடுது. அதைப் பாத்து எவன் பொண்ணு குடுப்பான்?"

அவ்வளவுதான். அம்மா தெலுங்கில் பிடித்துக்கொண்டாள், நைனா தமிழில் பதில் கொடுத்தார். எங்கள் வீட்டில் தினமும் நடப்பதுதான். இரவல் கோட்டில் விறைத்திருந்த எனக்கு அடக்க முடியவில்லை, பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டேன்.

"அப்படியே இரு," என்று பாய் கேமராவின் ரப்பர் பந்தை அமுக்கிவிட்டார்.

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். பாய் அசையவில்லை. "இதான் தம்பி உன் மூஞ்சி. ரெண்டு பாஷையும் சேந்து வந்துகினு இருக்குது பாரு."

நகரியிலிருந்து சம்மதம் வந்தது. காரணத்தைப் பின்னால் மனைவியிடம் கேட்டேன்.

"சிரிச்சுகினு இருந்தீங்க. அந்த வூட்ல பயமில்லாம இருக்கலாம்னு தோணிச்சு."

இதற்கு நான் பாய்க்கு ஆயுசு பூரா நன்றி சொன்னாலும் போதாது.

எங்கிருந்தோ பிளேட் தேடிக்கொண்டு கல்யாணத்துக்கு வந்தவரை, மணப்பெண்ணே நாற்காலியில் உட்காரவைத்தாள். ரப்பர் பந்து என் கையில்.

"பாய், உங்கள எந்தப் பாஷைல எடுக்கட்டும்?" என்றேன்.

வீட்டில் உருது, கடையில் தமிழும் தெலுங்கும் பேசுகிற மனிதர். ஊரையே பேசவைத்தவர் அம்மாவையும் நைனாவையும் ஒரு பார்வை பார்த்தார்.

"உங்க வூட்ல பேசிக்கினு இருப்பீங்களே, அதுல எடு தம்பி."

அந்தப் படம் இப்போது நைனா படத்துக்கும் அம்மா படத்துக்கும் நடுவில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் யாரென்று கேட்டால், எங்கள் வீட்டுப் பெரியவர் என்கிறோம். இதுவரை யாரும் சந்தேகப்பட்டதில்லை.