விழாவுக்கு முன்பே உட்புகுந்த மருந்து

மனித குலம் கண்ட முன்னேற்றங்களை எல்லாம் தராசின் ஒரு தட்டிலும், ஒத்தக்கடைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அமைக்கப்பட்ட 'மேற்பூச்சு மருந்து உட்புகுதல் மேம்பாட்டுக் குழு'வை மறு தட்டிலும் வைத்தால், குழுவின் தட்டுதான் கீழே இறங்கும். பதினோரு பேர், அத்தனை பேரும் நல்ல கனம்.

தோல் புற்றுக்குத் தடவுகிற களிம்பு, தோலின் மேலேயே குடியிருந்துகொண்டு உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது. இதுதான் குழுவின் கவலை. லேசரால் கண்ணுக்குத் தெரியாத துளைகள் போட்டுவிட்டுத் தடவினால் நன்றாக இறங்கும் என்று உலகம் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தது. குழு அதையும் மேம்படுத்தியது: துளைக்கும் தடவலுக்கும் நடுவில் ஒரு விழா வைத்தது.

ஸ்டாஃப் நர்ஸ் நாஸியா குழுவில் இல்லை. மருந்து தடவுவது மட்டுமே அவள் வேலை என்பதால் அவளைச் சேர்க்க முகாந்திரம் இல்லை. காஜிமார் தெருவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். எதைச் செய்தாலும் மணி பார்த்து நோட்டில் எழுதிவைப்பாள். இப்படி ஒரு கெட்ட பழக்கம் அவளுக்கு இருப்பது அப்போது யாருக்கும் தெரியாது.

முதல் நோயாளி எழுமலை காசிமாயன். முப்பது வருஷம் பருத்திக்காட்டு வெயிலில் நின்றவர். இடது நெற்றிப்பொட்டில் ஆறாத புண். புற்றின் ஆரம்பக் கட்டம். களிம்பு வேலை செய்யாவிட்டால் கத்திதான், அதுவும் கண்ணுக்கு இரண்டு விரல் தள்ளி. வெளியூரிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்த களிம்போ ஒரே ஒரு ட்யூப்.

டாக்டர் பவதாரிணி பத்தரைக்குத் துளை போட்டு முடித்தார். "நாஸியா, அரை மணிக்குள்ள தடவிரணும். லேட்டானா துளை அடைச்சுக்கிரும். தடவி, மூடி, மூணு மணி நேரம் வெளிச்சம் படாம வை. அப்புறம்தான் மருந்தைத் தூண்டிவிடச் சிவப்பு விளக்கு" என்றார். அதற்குமேல் சொல்வதற்குள், பூச்செண்டு கொடுப்போர் வரிசையில் நிற்க அவரை அழைத்துப் போய்விட்டார்கள்.

நாஸியா ஃப்ரிட்ஜைத் திறந்தாள். ட்யூப் இல்லை. அது மேடையில், வெள்ளித் தட்டில், சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் காவலாகக் குழுவின் செயலாளர் தங்கப்பாண்டி.

"சார், ட்யூபைக் குடுங்க. துளை போட்டாச்சு."

"சீஃப் கெஸ்ட் வந்துதாம்மா முதல் சொட்டு வைப்பாரு. அழைப்பிதழ்லயே அச்சடிச்சிருக்கு."

"அவரு எங்க வர்றாரு?"

"மாட்டுத்தாவணி தாண்டிட்டாரு."

"ஒன்பதரைக்கும் அதைத்தானே சார் சொன்னீங்க?"

"தாண்டினவரு தாண்டினவருதானேம்மா!"

"துளை அடைச்சுக்கிரும் சார்."

"அதெப்படி அடைக்கும்? தீர்மானம் போட்டிருக்கோம்ல?"

இரண்டாம் முறை போனாள். "கொஞ்ச நேரம் அடைக்காம இருக்கச் சொல்லும்மா" என்றார், தன்மையாக. மூன்றாம் முறை போனபோது, யார் எந்த நாற்காலி என்று ஒத்திகை பார்ப்பதற்காகக் குழு முழுவதும் மேடையில் அமர்ந்திருந்தது. நாஸியா பதினோரு பேரையும் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள். அவர்களும் மிகுந்த கவனத்தோடு கேட்டார்கள். பிறகு தங்கப்பாண்டி மைக்கைத் தட்டி, "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்றார்.

அறைக்குத் திரும்பினாள். காசிமாயன் நெற்றியைத் தொடாமல் இருக்கத் தன் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி மலையம்மாள் கேட்டாள்: "இன்னும் எம்புட்டு நேரம் தாயி?"

"கெஸ்ட் வரணுமாம்மா."

"காதுகுத்துக்குத் தாய்மாமன் வர்ற வரைக்கும் காத்துக் கிடப்போம், வாஸ்தவந்தேன். ஆனா மாமன் வந்து மடியில தூக்கி வச்ச பெறகுதானே துளை போடுவோம்? துளையைப் போட்டுப்புட்டு மாமனைத் தேடுற கூத்து எங்க பக்கம் கிடையாது."

மணி பத்து ஐம்பது. "யா அல்லாஹ்" என்று நாஸியா மறுபடி மேடைக்கு ஓடினாள். இந்த முறை துளையைப் பற்றிப் பேசவில்லை.

"சார், தட்டுல தூசி. போட்டோவுல விழும். துடைச்சுக் கொண்டாறேன்."

"போட்டோவுலயா? ஓடும்மா, ஓடு!"

பத்து ஐம்பத்தைந்துக்குக் களிம்பு முழுவதும் காசிமாயனின் இடது நெற்றிப்பொட்டில் இருந்தது. மேலே அலுமினியத் தாள், அதன் மேல் துணிக்கட்டு. அதற்கும் மேலே மலையம்மாள் அவருடைய துண்டை எடுத்து உருமா கட்டிவிட்டாள். காலி ட்யூபில் சிரிஞ்சால் வாஸ்லின் ஏற்றி, ரிப்பனை மறுபடி கட்டித் தட்டில் வைத்தாள் நாஸியா.

சீஃப் கெஸ்ட் ஒன்று இருபதுக்கு வந்தார். உருமாவோடு மேடையில் உட்காரவைத்த காசிமாயனைப் பார்த்து, "எந்தப் பக்கம் தடவணும்?" என்று கேட்டார். குழு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. போட்டோக்காரர்தான் முடிவெடுத்தார்: "வலது பக்கம் சார், அங்கதான் முகம் நல்லா விழும்." ஒன்றுமே இல்லாத வலது நெற்றிப்பொட்டில் வாஸ்லின் வைக்கப்பட்டது. அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. ஒன்று ஐம்பத்தைந்துக்கு, எல்லோரும் பிரியாணிப் பந்தியில் இருக்கையில், நாஸியா கட்டைப் பிரித்து இடது பக்கத்துக்குச் சிவப்பு விளக்கைப் போட்டாள்.

மூன்று மாதம் கழித்து டாக்டர் பவதாரிணி சோதித்துப் பார்த்து, "கத்தி வேண்டாம்" என்றார். காசிமாயன் இரண்டு கையையும் எடுத்து நாஸியாவைக் கும்பிட்டார். குழு வெளியிட்ட விழா மலர் முழங்கியது: 'சிறப்பு விருந்தினர் தடவிய வலது நெற்றிப்பொட்டில் இன்று புற்றின் சுவடுகூட இல்லை.' இதை மறுக்க உலகில் எந்த டாக்டராலும் முடியாது.

மலருக்கு விவரம் தேடியவர்கள் கண்ணில் நாஸியாவின் நோட்டும் பட்டுவிட்டது. மெமோ வந்தது: 'விழாவுக்கு இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம் முன்னதாகவே மருந்து உட்புகுந்தது எப்படி? மூன்று நாளில் விளக்கம் தருக.'

நாஸியா அன்றைக்கே எழுதிக் கொடுத்தாள்:

"ஐயா, 10.30-க்குத் துளை போடப்பட்டது. 10.36, 10.42, 10.48 ஆகிய மூன்று நேரங்களில் மேடைக்கு வந்து நிலைமையைச் சொன்னேன். 10.55-க்கு மருந்து தடவினேன். துளை இருந்ததால் உட்புகுந்தது. குழுவினர் பதினோரு பேருக்கும் சேர்த்து இருபத்திரண்டு காதுகள். அவற்றில் துளை பிறவியிலேயே போடப்பட்டது. அப்படியிருந்தும் நான் மூன்று முறை சொன்னது உட்புகவில்லை. குழு இதைத் தன் அடுத்த ஆய்வாக எடுத்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."