அண்ணன் அசையாமல் உட்கார்ந்த ஐந்து மணி நேரம்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் தங்கை மகள் எழுதுவது. எல்லோரும் நலம் என்று எழுதச் சொன்னார் அம்மா, எழுதிவிட்டேன்.

அலுவலகத்தில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தால் காரியம் தானாக நடக்கும் என்று நீங்கள் போனில் சொன்னதை அண்ணன் அப்படியே பிடித்துக்கொண்டான். ஆட்டிசம் உள்ளவர்களுக்கான பள்ளி அவனைப் பதினெட்டு வயதில் வாழ்த்தி அனுப்பிவிட்டது. அதோடு எல்லா உதவியும் நின்றது. ஆறு வருடமாக வீட்டில் இருக்கிறான். அவனுக்காக அம்மாவும் வேலையை விட்டுவிட்டார். இப்போது பெரியவர்களுக்கான பயிற்சி நிலையத்தில், பக்கத்திலேயே ஓர் உதவியாளரோடு புத்தக பைண்டிங் கற்றுக்கொள்ள ஒரே ஓர் இடம் காலியாக இருக்கிறது. 'இவருக்கு உதவி தேவை' என்று மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் சான்று தரவேண்டும். அதற்காக நாங்கள் மூவரும் அங்கே போனோம்.

எழுத்தர் படிவத்தைப் புரட்டிவிட்டு, பதினெட்டு வயதுக்கு மேல் கட்டமே இல்லையே என்றார். பிறகு அம்மாவிடம், "இன்னுமா சரியாகலை?" என்று கேட்டார்.

"இவனுக்கு வயசானது ஆட்டிசத்துக்குத் தெரியலைங்க" என்றார் அம்மா.

எழுத்தர் சிரிக்கவில்லை. உட்காரச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். தலைக்கு மேலே ட்யூப்லைட் விட்டுவிட்டு எரிந்து ரீங்காரம் போட்டது. அந்தச் சத்தம் அண்ணனுக்குக் காதில் ஊசி குத்துகிற மாதிரி. அணைக்கலாமா என்று அங்கிருந்த பியூனிடம் கேட்டேன், அதுக்குத் தனியா மனு கொடுக்கணுமாம். சுவரில் 'அழைக்கும் வரை அமைதி காக்கவும்' என்று எழுதியிருந்ததா, அண்ணன் காத்தான். ஐந்து மணி நேரம். தண்ணிகூட வேண்டாம்னுட்டான், குடிச்சா சத்தம் வருமாம். கடைசியில் அழைத்த அதிகாரி, எவ்வளவு நல்ல பிள்ளை என்று மனதாரச் சொல்லி, ஃபைலில் ஏதோ எழுதிக்கொண்டார். வெளியே வந்து அண்ணனின் மூடிய விரல்களைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கையிலும் சேர்த்து எட்டு நகத்தடம்.

போகட்டும், நல்ல பிள்ளை என்று எழுதியிருக்கிறார்கள், சான்று நிச்சயம் வந்துவிடும். உங்கள் யோசனைக்கு எங்கள் எல்லோருடைய நன்றி. அத்தைக்கு என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் பதில் வந்துவிட்டது. 'ஐந்து மணி நேரம் எந்தத் தொந்தரவும் இன்றி அமர்ந்திருந்தார். எனவே உதவி தேவையில்லை.' ஆட்சேபம் இருந்தால் நேரில் வந்து காத்திருக்கலாமாம். மேலே எழுதிய நன்றியை நீங்களே அடித்துவிடுங்கள், மாமா. அண்ணன் அவர்கள் பதிலை இரண்டு தடவை படித்துவிட்டு, "எவ்வளவு நேரம்னு போடலையே" என்றான். இப்போது நகம் வெட்டிக்கொண்டிருக்கிறான்.